ஒரே சொல்லில் பிறந்த இரண்டு நிலைகள்: ஆட்டிசமும் சந்தேகப் பிறழ்வும்

வள்ளியூர் வட்டாரத்தில் ஏர்வாடி என்னும் பெயருக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, நம்பியாற்றங்கரையில் நாங்குநேரி வட்டத்தில் இருப்பது. நம் உறவினர்கள் நிறைந்து வாழும் ஊர். மற்றொன்று, இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரையில் குத்பு சுல்தான் சையிது இப்ராஹீம் ஷஹீது (ரஹ்) அவர்கள் அடங்கியிருக்கும் தர்கா ஊர். பெயர் ஒன்றாயினும் பேச்சில் இவை குழம்புவதில்லை. 'ஏர்வாடியில் பெண் எடுத்திருக்கிறோம்' என்றால் முதலாவது. 'ஏர்வாடிக்குக் கொண்டுபோய்ப் பாருங்களேன்' என்றால் இரண்டாவது.

அந்த இரண்டாம் வாக்கியம் சொல்லப்படும் வீடுகளைப் பற்றியே இக்கட்டுரை. அவற்றுள்ளும் ஒரு குறிப்பிட்ட வகை வீட்டை நாம் மனத்தில் வைத்திருக்கிறோம். அங்கே ஒரு பிள்ளை சிறு வயது முதலே வேறு மாதிரி வளர்ந்திருப்பான். பேச்சு தாமதமாக வந்திருக்கும். வந்த பிறகு ஒரே பொருளைப் பற்றி ஓயாமல் பேசியிருப்பான். கண்ணைப் பார்த்துப் பேசமாட்டான், கல்யாண வீட்டு இரைச்சலில் காதைப் பொத்திக்கொள்வான். இரயில்கள் வரும் நேரங்களைப் பிழையின்றி ஒப்பிப்பான். கிண்டலைக் கிண்டலென்று அறியமாட்டான். இருபது வயதை நெருங்கும்போது ஒருநாள், 'எல்லாரும் சேர்ந்து எனக்கு எதிராக என்னவோ செய்கிறார்கள்' என்று சொல்லத் தொடங்குவான். வீட்டில் மூன்று பதில்கள் எழும். 'அவன் சின்னதிலிருந்தே அப்படித்தானே' என்பது ஒன்று. 'மூளைக் கோளாறு முற்றிவிட்டது' என்பது இன்னொன்று. மூன்றாவது பதில் ஜின் அல்லது செய்வினை.

இம்மூன்றில் எது சரி என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாது. அது ஏன் என்பதை அறிய, மருத்துவ உலகமே இந்த இரண்டு நிலைகளையும் எழுபது ஆண்டுகள் ஒன்றாகக் குழப்பி வைத்திருந்த கதையை அறிய வேண்டும்.

ஆட்டிசம் என்னும் சொல்லை உருவாக்கியவர் குழந்தை மருத்துவர் அல்லர். சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் புர்க்ஹோல்ஸ்லி மனநல மருத்துவமனையின் தலைவராக இருந்த ஒய்கன் பிளாய்லர் அவர். மனச்சிதைவு நோய்க்கு இன்று உலகம் வழங்கும் ஸ்கிசோஃபிரினியா என்ற பெயரை 1908-இல் முன்வைத்தவரும் அவரே. அந்நோயாளிகள் வெளியுலகிலிருந்து விலகித் தமக்குள் ஓர் உலகைக் கட்டிக்கொண்டு வாழ்கிறார்கள் என்று கண்ட அவர், கிரேக்க மொழியில் 'தான்' என்று பொருள்படும் 'ஆட்டோஸ்' என்ற சொல்லிலிருந்து ஆட்டிசம் என்ற பெயரை எடுத்து அந்த விலகலுக்கு இட்டார். 1911-இல் வெளிவந்த அவருடைய பெருநூலில் அது மனச்சிதைவின் அடிப்படை அறிகுறிகளுள் ஒன்று. தன்னை எவரோ துன்புறுத்துகிறார்கள், பின்தொடர்கிறார்கள் என்னும் பிறழ் நம்பிக்கையும் அந்த உள்ளுலகில் விளைவதாகவே அவர் கருதினார். எனவே ஆட்டிசம் என்ற சொல்லும் சந்தேகப் பிறழ்வும் பிறக்கும்போதே ஒரே கூரையின் கீழ்ப் பிறந்தன.

தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் நெடுங்காலம் ஆட்டிசத்துக்கு வழங்கிய தமிழ்ச் சொல் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்பது. பிளாய்லரின் பழைய கருத்து அப்படியே தமிழ் உடுத்தி வந்து நிற்பதை அதில் காணலாம். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குப் புற உலகச் சிந்தனை இல்லை என்பது உண்மையன்று. மின்விசிறியின் ஓசை, துணியின் உறுத்தல், வழக்கமான இடத்திலிருந்து அரை அடி நகர்த்தப்பட்ட நாற்காலி என்று புற உலகம் அவனை நம்மைவிட அதிகமாகவே தாக்குகிறது. ஒரு சொல்லைத் தவறாக வைத்தால் அதன் விளைவு மருந்துச் சீட்டு வரை செல்லும்.

1925-இல் மாஸ்கோவில் குருன்யா சுகரேவா என்ற பெண் மருத்துவர், தனிமை விரும்பும், ஒரே துறையில் கூர்மையுடைய, அசைவுகளில் தடுமாற்றமுள்ள ஆறு சிறுவர்களைப் பற்றி விரிவாக எழுதினார். மறு ஆண்டே அது ஜெர்மன் மொழியில் வந்தது. ஆயினும் அக்காலத்தில் பெரிதாகக் கவனம் பெறவில்லை. 1943-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் லியோ கேனர், எட்டுச் சிறுவர்களும் மூன்று சிறுமிகளுமாகப் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரைதான் ஆட்டிசத்தைத் தனி நிலையாக உலகுக்குக் காட்டியது. பிளாய்லரின் சொல்லையே அவர் எடுத்துக்கொண்டார். ஆனால் ஒரு முக்கியமான வேறுபாட்டைச் சுட்டினார்: மனச்சிதைவு நோயாளி இருந்த உறவிலிருந்து விலகுகிறார், இக்குழந்தைகளோ தொடக்கம் முதலே அவ்வாறு இருக்கிறார்கள். அடுத்த ஆண்டு வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் இதையொத்த சிறுவர்களைப் பற்றி எழுதினார். பின்னாளில் அவர் பெயரால் ஒரு நோய்ப் பெயரே வழங்கிற்று. ஆனால் நாஜி ஆட்சியில் ஊனமுற்ற குழந்தைகள் கொல்லப்பட்ட ஷ்பீகல்குருண்ட் நிலையத்துக்கு அவர் குழந்தைகளை அனுப்பியதை 2018-இல் வரலாற்றாய்வு வெளிக்கொணர்ந்தது. அந்தப் பெயர் இன்று அருகி வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கேனர் வேறுபாட்டைச் சொன்ன பின்னும் குழப்பம் நீங்கவில்லை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1968-இல் வெளியிட்ட நோய்ப் பட்டியலின் இரண்டாம் பதிப்பில் ஆட்டிசத்துக்குத் தனி இடம் இல்லை. அத்தகைய குழந்தைகள் குழந்தைப் பருவ மனச்சிதைவு என்ற தலைப்பின் கீழேயே வைக்கப்பட்டார்கள். இக்காலத்தில்தான், தாயின் அன்பின்மையே குழந்தையை இவ்வாறு ஆக்குகிறது என்ற கொடுமையான கருத்தும் பரவியிருந்தது. 1967-இல் புருனோ பெட்டல்ஹைம் எழுதிய நூல் அதற்குப் பெரும் செல்வாக்கைத் தேடிக் கொடுத்தது. ஆட்டிசம் உள்ள பிள்ளையைப் பெற்ற பெர்னார்ட் ரிம்லண்ட் என்னும் உளவியலாளர் 1964-லேயே அக்கருத்தை ஆதாரங்களுடன் மறுத்திருந்தார். எனினும் தாய்மார்கள் மீதிருந்த பழி விலக மேலும் பல ஆண்டுகள் ஆயின. நம் ஊரில் 'கர்ப்பமாக இருந்தபோது அந்தியில் வெளியே போனாயா' என்று கேட்பவர்கள், வியன்னாவிலும் சிகாகோவிலும் தமக்குப் பட்டம் பெற்ற தோழர்கள் இருந்ததை அறியமாட்டார்கள்.

கூரையைப் பிரித்தவர், இங்கிலாந்தில் பணியாற்றிய இஸ்ரேல் கால்வின். 1971-இல் அவரும் உடனுழைத்தவர்களும் வெளியிட்ட ஆய்வு, ஓர் எளிய கேள்வியை முன்வைத்தது: எந்த வயதில் தொடங்கியது? மூன்று வயதுக்கு முன் தொடங்கிய குழந்தைகள் ஒரு கூட்டமாகவும், பின்னால், பெரும்பாலும் பள்ளிப் பருவத்திலும் பதின்ம வயதை ஒட்டியும் தொடங்கியவர்கள் வேறு கூட்டமாகவும் பிரிந்து நின்றார்கள். இரண்டாம் கூட்டத்தாரிடம் காதில் குரல் கேட்பதும் பிறழ் நம்பிக்கைகளும் இருந்தன. முதற் கூட்டத்தாரிடம் அவை இல்லை. அதே ஆண்டு தொடங்கப்பட்ட ஓர் ஆய்விதழின் பெயரில் ஆட்டிசமும் குழந்தைப் பருவ மனச்சிதைவும் இணைந்தே இருந்தன. 1979-இல் அவ்விதழ் தன் பெயரிலிருந்து மனச்சிதைவை நீக்கியது. 1980-இல் அமெரிக்கப் பட்டியலின் மூன்றாம் பதிப்பு ஆட்டிசத்தை வளர்ச்சிக் குறைபாடு என்று தனியே பிரித்து வைத்தது. 1981-இல் லோர்னா விங் என்ற ஆங்கிலேய மனநல மருத்துவர், அவரும் ஆட்டிசம் உள்ள ஒரு பெண் பிள்ளையின் தாயே, ஆஸ்பெர்கரின் மறந்துபோன கட்டுரையை ஆங்கில உலகுக்கு அறிமுகம் செய்தார். ஆட்டிசம் ஒரே அளவான நிலையன்று, மிக விரிந்த வரம்புடையது என்ற இன்றைய புரிதல் அவர் வழியே வலுப்பெற்றது. பேசவும் படிக்கவும் வேலை பார்க்கவும் வல்ல பலரும் அதற்குள் அடங்குவர் என்பதை அறிந்தபோதுதான், இரண்டாக்கப்பட்ட வீட்டுக்கு நடுவே ஒரு கதவு இன்னும் இருப்பது தெரிந்தது.

அந்தக் கதவு இதுதான். 1985-இல் இலண்டனில் சைமன் பாரன்-கோஹன், ஆலன் லெஸ்லி, ஊட்டா ஃபிரித் மூவரும் ஒரு சிறு பொம்மைச் சோதனை நடத்தினார்கள். ஒரு பொம்மை தன் கோலிக்குண்டைக் கூடையில் வைத்துவிட்டு வெளியே போகிறது. மற்றொரு பொம்மை அதை எடுத்துப் பெட்டியில் வைக்கிறது. திரும்பி வரும் முதல் பொம்மை எங்கே தேடும்? கூடையில் என்பதே சரியான விடை, ஏனெனில் மாற்றியது அதற்குத் தெரியாது. ஆட்டிசம் உள்ள 20 குழந்தைகளில் 16 பேர் பெட்டியைச் சுட்டினார்கள். பிறர் மனத்தில் இருப்பது தம் மனத்தில் இருப்பதிலிருந்து வேறுபடலாம் என்று ஊகிப்பது அவர்களுக்குக் கடினமாக இருந்தது. 1992-இல் கிறிஸ்டோஃபர் ஃபிரித், மனச்சிதைவில் வரும் சந்தேகப் பிறழ்வும் பிறர் நோக்கத்தை ஊகிக்கும் இதே திறன் கெடுவதால் விளைவதே என்று எழுதினார். ஒன்றில் அத்திறன் தொடக்கத்திலேயே வளரவில்லை. மற்றதில் வளர்ந்தபின் கெடுகிறது.

அப்படியானால் ஆட்டிசம் உள்ளவருக்குப் பிறர்மீது சந்தேகம் வரவே கூடாதே? பிறர் நோக்கத்தையே காணாதவர், பிறர் நோக்கம் தீயதென்று எப்படி நினைப்பார்? 2008-இல் கிரெஸ்பி, பேட்காக் என்னும் இருவர் இதை முடிவுவரை கொண்டுசென்று, ஆட்டிசமும் மனச்சிதைவு வகை நோய்களும் எதிரெதிர் முனைகள் என்று வாதிட்டனர். வாதம் அழகியது, ஆனால் ஆட்டிசம் உள்ள இளைஞர்களோடு வாழும் குடும்பங்கள் காணும் காட்சி அதற்கு ஒத்துவரவில்லை. 2001-இலும் 2004-இலும் இங்கிலாந்தில் வெளியான இரண்டு சிறிய ஆய்வுகள் ஆஸ்பெர்கர் நிலை உடைய பெரியவர்களிடம் சந்தேக எண்ணம் சாதாரண மக்களைவிட அதிகமாக இருப்பதைக் கண்டன. 2004 ஆய்வு அவர்களைப் பிறழ் நம்பிக்கை நோயாளிகளோடும் ஒப்பிட்டது. நோயாளிகளின் அளவுக்கு அவர்களிடம் சந்தேகம் இல்லை. அதைவிட முக்கியமாக, தமக்கு நேரும் தீங்குக்கெல்லாம் பிறரையே காரணமாக்கும் மனப்போக்கு நோயாளிகளிடம் இருந்தது. ஆஸ்பெர்கர் நிலையினரிடம் அது இல்லை. வெளியே பார்த்தால் இருவர் சொல்வதும் ஒன்று. அது வந்த பாதை வேறு.

அந்தப் பாதையை நம் ஊர் வாழ்விலேயே காணலாம். நெல்லைச் சீமைப் பேச்சில் குத்தலும் கேலியும் உப்பு போன்றவை. ஒன்றைச் சொல்லி அதற்கு நேர்மாறானதைக் குறிப்பது நமக்கு இயல்பு. 'மாப்பிள்ளை பெரிய அறிவாளியல்லவா' என்று ஒருவர் சொல்லச் சுற்றியிருப்பவர்கள் சிரித்தால், ஆட்டிசம் உள்ள பிள்ளை சொல்லைச் சொல்லாகவே எடுத்துக்கொள்வான். சிரிப்பின் காரணம் அவனுக்குப் பிடிபடாது. பத்து முறை இவ்வாறு நிகழ்ந்தபின், சிரிப்பு தன்னைப் பற்றியது என்பதை மட்டும் அவன் கற்றுக்கொள்வான். அந்தப் பாடம் பொய்யும் அன்று. பள்ளியில் இத்தகைய பிள்ளைகள் மற்றவர்களைவிட அதிகமாகச் சீண்டப்படுகிறார்கள் என்பதைப் பல நாட்டு ஆய்வுகளும் ஒருமுகமாகச் சொல்கின்றன. பேச்சுக் கச்சேரியில் யார் நல்லவர், யார் சீண்டுகிறார் என்று முகம் பார்த்துப் பிரிக்க இயலாத ஒருவர், பாதுகாப்புக்காக எல்லாரையும் ஐயுறுவது அறிவுக்குப் பொருந்திய செயலே. தெருவில் இருவர் சிரிப்பதைக் கண்டு 'என்னைத்தான்' என்று அவன் சொல்வது, இறந்தகாலத்தில் உண்மையாக இருந்த ஒன்றை நிகழ்காலத்திற்கும் நீட்டுவது. ஆட்டிசம் உடையவரும் ஆய்வாளருமான டேமியன் மில்ட்டன் 2012-இல் ஒரு பக்கத்தை மட்டும் பார்க்கும் பழைய விளக்கத்தை மறுத்தார். ஆட்டிசம் உள்ளவர் நம்மைப் புரிந்துகொள்ளத் தவறுவது போலவே நாமும் அவரைப் புரிந்துகொள்ளத் தவறுகிறோம். குறை இருவருக்கும் நடுவில் இருக்கிறது என்றார் அவர். ஒரு வீட்டில் பத்துப் பேரும் ஒருவனைப் பற்றி அவன் காதுபடவே மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருந்துவிட்டு, 'இவன் எல்லாரையும் சந்தேகப்படுகிறான்' என்று முறையிடுவதை நாம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்!

இதனால் எல்லாச் சந்தேகமும் விளக்கிக் கரைத்துவிடக் கூடியது என்று எண்ணுவது ஆபத்து. ஆட்டிசம் உள்ளவர்களுக்கு மனச்சிதைவு போன்ற நோயும் தனியாக வரலாம். பொது மக்களிடம் காணப்படுவதைவிட அவர்களிடம் அது அதிகமாகவே வருகிறது என்பதும் இன்று நிறுவப்பட்டுள்ளது. வயதும் பெரும்பாலும் அதுவே, பதின்ம வயதின் இறுதியும் இருபதுகளும். 'சின்னதிலிருந்தே அப்படித்தானே' என்ற ஆறுதல் சொல் மிகுந்த கேடு விளைவிப்பது இங்கேதான். சின்னதிலிருந்து இல்லாத ஒன்று புதிதாக வந்திருக்கிறதா என்பதைப் பார்க்க வேண்டும். இரவு உறக்கம் கெட்டுப்போகிறது. உணவில் நஞ்சிருக்கிறது என்று உம்மா வைத்த சோற்றையே தள்ளுகிறான். ஆளில்லாத அறையில் பதில் பேசுகிறான். தொலைக்காட்சி தன்னைப் பற்றிப் பேசுகிறது என்கிறான். பிடித்த பொருளிலும் ஆர்வம் விட்டுப்போகிறது. இவை தோன்றினால் காத்திருக்கக் கூடாது. கேலியால் வந்த ஐயம், பொறுமையாக நடந்ததை வரிசைப்படுத்திச் சொன்னால் சிறிதாவது அசையும். நோயால் வந்த பிறழ் நம்பிக்கை ஆதாரத்தால் அசைவதில்லை. ஆனால் ஆட்டிசம் உள்ளவர் எதிலும் பிடிவாதம் மிக்கவராக இருப்பதால் இந்த அளவுகோலும் சில வேளை ஏமாற்றும். முடிவைச் சொல்ல வேண்டியவர் மனநல மருத்துவரே.

மருந்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மனச்சிதைவுக்குத் தரப்படும் ரிஸ்பெரிடோன் என்னும் மாத்திரை, ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் கடுஞ்சினத்துக்கும் தன்னைத் தானே தாக்கிக்கொள்ளும் பழக்கத்துக்கும் தரப்படுகிறது. அமெரிக்காவில் 2006 முதல் அதற்கு ஒப்புதல் உண்டு. இருவர் ஒரே மாத்திரையை உண்பதால் இருவருக்கும் ஒரே நோய் என்று ஆகாது. இணையத்தில் மாத்திரைப் பெயரைத் தேடிவிட்டுச் சம்பந்தத்தை முறித்த செய்திகளும் நம் காதுக்கு வந்துள்ளன.

இனி நம் மரபுக்கு வருவோம். மனநோயை நோயாகவே கண்டு மருத்துவம் செய்ததில் முஸ்லிம் உலகம் முன்னோடி. ஹிஜ்ரி மூன்று, நான்காம் நூற்றாண்டுகளில் வாழ்ந்து கி.பி. 934-இல் மறைந்த அபூ ஸைத் அல்-பல்கீ (ரஹ்), உடலின் நலன்களையும் உள்ளத்தின் நலன்களையும் ஒரே நூலில் அடுத்தடுத்து வைத்து எழுதினார். சினம், அச்சம், கவலை, வஸ்வாஸ் எனும் விடாத எண்ணங்கள் ஆகிய நான்கையும் தனித்தனியே பிரித்து, உள்ளத்துக்குள்ளிருந்து வருவது எது, உடலிலிருந்து வருவது எது என்று ஆராய்ந்தார். ஒளூவை ஐந்து முறை திரும்பச் செய்பவரின் துன்பம் வேறு, எதிரி சூழ்ந்திருப்பதாக நம்புபவரின் துன்பம் வேறு. இரண்டையும் 'வஸ்வாஸ்' என்ற ஒரே சொல்லால் நாம் இன்றும் குறிப்பிட்டுக் குழப்பிக்கொள்கிறோம். திமிஷ்கில் 1154-இல் நூருத்தீன் ஸங்கீ நிறுவிய மருத்துவமனையும், கெய்ரோவில் 1284-இல் சுல்தான் கலாவூன் நிறுவியதும், அலெப்போவில் 1354-இல் எழுந்த அர்கூன் மருத்துவமனையும் மனநோயாளிகளை ஏற்றுப் பேணின. அலெப்போவில் அவர்கள் தங்கிய முற்றங்களும் நீரூற்றுகளும் பல நூற்றாண்டுகள் நிலைத்திருந்தன. நோயாளியைக் கட்டிவைப்பதும் அக்காலத்தில் இருந்ததுதான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வக்ஃபின் வருவாயில் அவருக்கு உணவும் மருந்தும் உரிமையாகக் கிடைத்தன.

சூரத்துல் ஹுஜுராத்தின் பன்னிரண்டாம் வசனம், பிறரைப் பற்றிய வீண் ஐயங்களை விலக்குமாறு நமக்குக் கட்டளையிடுகிறது. இதை எடுத்துக்கொண்டு ஐயுறும் நோயாளியிடம் 'தீய எண்ணம் பாவம், தவ்பா செய்' என்று சொல்வோர் உண்டு. கட்டளை தேர்ந்தெடுக்கும் ஆற்றல் உடையவருக்கானது. அறிவு நிலை தவறியவர்மீது மார்க்கக் கடமையின் பொறுப்பு இல்லை என்பது ஃபிக்ஹின் அடிப்படை. நான்கு மத்ஹபுகளும் அதில் ஒன்றுபடுகின்றன. அந்த வசனம் யாருக்கு முதலில் பொருந்தும் என்று கேட்டால், அந்தப் பிள்ளையைப் பார்த்து 'இவனுக்கு ஜின் பிடித்திருக்கிறது', 'இன்னார் செய்வினை வைத்தார்' என்று ஆதாரமின்றிச் சொல்பவர்களுக்கே பொருந்தும் என்பது நம் கருத்து. ஜின்களின் இருப்பு நம் நம்பிக்கையில் உள்ளது. குறிப்பிட்ட ஒரு பிள்ளையின் குறிப்பிட்ட நிலைக்கு ஜின்தான் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்லும் அறிவு நம்மில் எவரிடம் உள்ளது?

அத்தகைய தீர்ப்பு சந்தேகப் பிறழ்வில் சிக்கியவருக்கு இழைக்கும் கேடு இரட்டிப்பானது. தன்னை எவரோ மறைவாகத் தாக்குகிறார் என்பதே அவர் நோய். ஓதிப் பார்க்க வந்தவர், 'ஆம், உன் சொந்தத்தில் ஒரு பெண்தான் செய்திருக்கிறாள்' என்று சொன்னால், நோய் சொன்ன பொய்க்கு மார்க்கத்தின் பெயரால் முத்திரை விழுகிறது. அவர் ஆட்டிசம் உள்ளவராகவும் இருந்தால், சொல்லைச் சொல்லாகவே எடுத்துக்கொள்பவர் ஆயிற்றே; அந்த மாமியின் முகம் அவர் மனத்திலிருந்து இனி அகலாது. வீட்டார் இரண்டு மாதத்தில் மறந்து மாமி வீட்டு வலீமாவுக்குப் போய்வருவார்கள். அவர் மறக்கமாட்டார். குர்ஆன் ஓதுவதும் துஆ செய்வதும் நோயுற்றவருக்கு அமைதி தரும். அதற்கு எவரையும் குற்றம் சாட்ட வேண்டிய தேவையில்லை.

நேர்ச்சைக்காக நம் பகுதியினர் பொட்டல்புதூருக்கும், நம்பியாறு கடலில் கலக்கும் ஆத்தங்கரைப் பள்ளிவாசலுக்கும் செல்வது நெடுநாள் வழக்கம். தர்கா பற்றிய மார்க்க விவாதம் இக்கட்டுரையின் பொருளன்று. ஆனால் இராமநாதபுரத்து ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் நடந்ததை நம் சமுதாயம் மறக்கக் கூடாது. தர்காவைச் சுற்றித் தனியார் நடத்திய மனநலக் காப்பகங்களுள் ஒன்றில் தீப்பிடித்தது. கொட்டகையில் நோயாளிகள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். உடனே 25 பேர் மாண்டனர். பின்னர் எண்ணிக்கை 28 ஆயிற்று. மாண்டவர்கள் எல்லா மதத்தினரும், பல மாநிலத்தவரும் ஆவர். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. சில நாள்களில் அவ்வகைக் காப்பகங்கள் மூடப்பட்டு, ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் கொண்டுவரப்பட்டனர். அவர்களுள் எத்தனை பேர் மனநோயாளிகள், எத்தனை பேர் அறிவு வளர்ச்சி குறைந்தவர்கள், எத்தனை பேர் எவராலும் பெயரிடப்படாத ஆட்டிசம் உடையவர்கள் என்று பிரித்துப் பார்க்கும் கண் அங்கே இருந்திருக்கவில்லை. சங்கிலிக்கு அந்த வேறுபாடு தேவைப்படவில்லை.

சட்டமும் நெடுங்காலம் அப்படித்தான் இருந்தது. சென்னையில் 1794-இல் மனநோயாளிகளுக்கான விடுதி தொடங்கிற்று. 1871-இல் அது கீழ்ப்பாக்கத்துக்குச் சென்றது. அந்த ஊர்ப் பெயரையே நாம் வசைச் சொல்லாக்கிவிட்டோம். 1912-ஆம் ஆண்டின் சட்டம் பிறவி அறிவுக் குறைவையும் மனநோயையும் ஒரே சொல்லில் அடக்கியது. 1987-ஆம் ஆண்டுச் சட்டம் அறிவு வளர்ச்சிக் குறைவை மனநோயிலிருந்து விலக்கியது. 1995-ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டத்தில் ஏழு வகைகள் இருந்தன. ஆட்டிசம் அவற்றுள் இல்லை. 1999-இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதைப் பெயர் சொல்லி ஏற்றது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம்தான், 21 வகைகளைப் பட்டியலிட்டு, ஆட்டிசத்தையும் மனநோயையும் இரு தனி இனங்களாக வைத்தது. சூரிக்கில் 1911-இல் கட்டப்பட்ட முடிச்சை டில்லி அவிழ்க்க நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்கிறது.

துன்பத்திலிருந்து நல்லதும் விளைந்தது. குஜராத்தின் உனாவா கிராமத்தில் மீரா தாதார் தர்காவில், முஜாவிர்களும் மனநல மருத்துவர்களும் இணைந்து 'தவா-துஆ' என்ற பெயரில் ஓர் ஏற்பாட்டைத் தொடங்கினர். ஓத வருபவரை முஜாவிரே மருத்துவரிடம் அனுப்புவார். மருத்துவர் ஓதுவதைத் தடுக்கமாட்டார். இதே முறை பின்னர் ஏர்வாடிக்கும் வந்தது. பாளையங்கோட்டையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே பார்வையற்றோருக்கும் செவித்திறன் அற்றோருக்கும் கிறிஸ்தவ அருட்பெண்டிர் பள்ளிகளைத் தொடங்கியதை எண்ணிப் பார்க்கிறோம். நம் ஜமாஅத்துகள் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்காக, வேண்டாம் பள்ளிக்கூடம், வெள்ளிக்கிழமை ஒலிபெருக்கியின் அலறல் எட்டாத ஒரு மூலையையாவது பள்ளிவாசலில் ஒதுக்கலாம். ஜும்ஆவுக்கு வர ஆசைப்பட்டும் அந்த ஓசை தாங்காமல் வாசலிலிருந்து திரும்பும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

வள்ளியூரிலிருந்து வடக்கே பாளையங்கோட்டையில் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், தெற்கே நாகர்கோவிலை அடுத்த ஆசாரிப்பள்ளத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவுகள் உள்ளன. ஆட்டிசத்துக்கான சான்றிதழும் அடையாள அட்டையும் பெற்றவருக்குத் தேசிய அறக்கட்டளையின் நிராமயா திட்டத்தில் ஆண்டுக்கு ஒரு இலட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு உண்டு. மருத்துவரிடம் செல்லும்போது பிள்ளையை மட்டும் அழைத்துச் செல்லாமல், அவனுடைய சிறுவயதை அறிந்த உம்மாவையோ பெரியம்மாவையோ உடன் அழைத்துச் செல்ல வேண்டும். எப்போது பேசத் தொடங்கினான், மூன்று வயதில் எப்படி விளையாடினான், மதரஸாவில் ஹஜ்ரத் என்ன சொன்னார், எந்த வகுப்பில் படிப்பு நின்றது, இந்தச் சந்தேகப் பேச்சு எந்த மாதத்தில் தொடங்கிற்று, அதற்குமுன் பள்ளியிலோ வேலையிடத்திலோ என்ன நடந்தது என்பவற்றைத் தேதியோடு ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோவது நலம். பழைய பள்ளி மதிப்பெண் அட்டைகள், ஆசிரியர் எழுதிய குறிப்புகள், மூன்று நான்கு வயதில் எடுத்த காணொளி இருந்தால் அவற்றையும் எடுத்துச் செல்லலாம். எந்த வயதில் தொடங்கியது என்று 1971-இல் கால்வின் கேட்ட அதே கேள்வியைத்தான் மருத்துவர் முதலில் கேட்பார்.